டன்னுக்கு ஐந்து கிராம்

‘தங்கலான்’ திரைப்படம் 2024 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்தது. மறுநாள் எங்கள் கல்லூரி இயற்பியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அடுத்த வாரம் திருச்செங்கோட்டுப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து, “சார், கோலார்ல பாறையை ஒடைச்சா உள்ளே தங்கம் அப்படியே மின்னுமா?” என்று கேட்டான். அவன் தந்தை ரிக் வண்டியில் டிரில்லர். வட நாடெங்கும் சென்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டிவரும் அந்த வண்டிகளைப் பற்றி நம் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லைத் துளைத்துச் சோறு உண்ணும் வீட்டுப் பிள்ளையே இப்படிக் கேட்டது என்னைச் சிந்திக்க வைத்தது. அன்று மணி அடித்துவிட்டபடியால் சரியாக விடை கூறவில்லை. இக்கட்டுரை அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியாகும்.

நான் திரைப்பட விமர்சகன் அல்லன். நடிப்பு, இசை, ஒளிப்பதிவு ஆகியவற்றைப் பற்றித் தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. விக்ரமின் உழைப்பைக் கண்டு வியந்தேன் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கின்றேன். ஆனால் தங்கவயலைப் பற்றிய படத்தில் பாறையும் தங்கமும் ஆழமுங்கூடக் கதைமாந்தர்களே. அவர்கள் சரியாகப் படைக்கப்பட்டுள்ளனரா என்று கேட்க இயற்பியல் ஆசிரியனுக்கு உரிமை உண்டல்லவா? பா.ரஞ்சித்தின் ‘தங்கலா’னிடமும், 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த பிரசாந்த் நீலின் ‘கே.ஜி.எஃப்.’ படத்திடமும் அக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் மாணவனுக்கு விடை. மின்னாது. கோலார்த் தங்கம் வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் நரம்புகளில் பொடிப்பொடியாகக் கலந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியும் தங்கம் சில இடங்களில் கிடைத்ததுண்டு. ஆனால் அது விதிவிலக்கு. வெட்டியெடுத்த கல் ஒரு டன்னில் தொடக்க ஆண்டுகளில் 40 கிராமுக்கு மேல் இருந்த தங்கம், கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. கணக்குக்காக 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் கல் என்பது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம். வீட்டில் இருக்கும் வாஷிங் மெஷின் அளவு எனலாம். தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3. எனவே அதில் 5 கிராம் என்பது கால் கன சென்டிமீட்டர்தான். ஒரு கொண்டைக்கடலையைவிடச் சிறியது. அந்தக் கொண்டைக்கடலையை மாவாக்கி அவ்வளவு பெரிய கல்லுக்குள் தூவிவிட்டால் எந்தக் கண் அதைக் காணும்?

ஒரு பவுன் 8 கிராம். அப்படியானால் ஒரு பவுனுக்கு 1.6 டன் கல்லை வெடித்து, அள்ளி, மேலே ஏற்றி, மாவாக அரைக்க வேண்டும். தங்கவயலின் வரலாறு முழுவதும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி. ஆயிரமாயிரம் ஆட்கள் ஏன் தேவைப்பட்டனர்? டன்னுக்குச் சில கிராமே இருந்ததால். கல்லை நொறுக்கும் உலக்கை ஆலைகள் ஏன் இரவும் பகலும் இடித்தன? அதனால்தான். கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887-இல் சயனைடுக் கரைசல் முறைக்குக் காப்புரிமை பெற்றதும் உலகத் தங்கச் சுரங்கங்கள் எல்லாம் அதன் பின்னே ஓடியதற்கும் அதுவே காரணம்; பாதரசத்துக்கு அகப்படாமல் நழுவிய நுண்பொடியைச் சயனைடு கரைத்துக் கொடுத்தது. சிவசமுத்திரத்தில் காவிரியைக் கொண்டு மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, 1902-இல் கோலாருக்குக் கொண்டுவந்தார்களே, அதுவும் இந்த டன்களை ஏற்றவும் அரைக்கவும்தான். (அதே காவிரிதான் பிறகு நம் மேட்டூருக்கு வருகின்றது.)

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் கோலார் தந்த தங்கம் சுமார் 800 டன். பெரிய எண்தான். ஆனால் அதை உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால் பக்கத்துக்குப் பதினொன்றரை அடிகூட வராத ஒரு கனசதுரமாகும். எங்கள் துறைத் தலைவரின் அறைக்குள் அடக்கிவிடலாம். வெளியே கொட்டிய அரைத்த மண்ணோ மூன்று கோடி டன்னுக்கு மேல்.

இப்போது படங்களுக்கு வருவோம். இரண்டிலும் தங்கம் கண்ணைப் பறிக்கின்றது. திரையில் பொடியைக் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று இயக்குநர்கள் கேட்கலாம். ஆனால் கட்டியாகத் தங்கத்தைக் காட்டும்போது நிகழ்வது ஒரு சிறு பிழை மட்டும் அன்று. கதையே மாறிவிடுகிறது. தங்கம் கட்டியாகக் கிடந்தால் அது புதையல். புதையலுக்குத் தேவை துணிவும் காவல் தெய்வத்தை வெல்லும் மந்திரமும். தங்கம் டன்னுக்கு ஐந்து கிராம் என்றால் அது உழைப்பு. கணக்குப் பார்த்துக் கூலி கொடுத்து வாங்கிய உழைப்பு. முதல் கதையில் தொழிலாளி பேராசைக்காரனாகவோ வீரனாகவோ தெரிவான். இரண்டாவதில்தான் அவன் தொழிலாளியாகத் தெரிவான்.

கட்டித் தங்கம் என்னும் இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது? பொய்யிலிருந்து அல்ல, வேறொரு நாட்டின் உண்மையிலிருந்து. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851-இல் தங்க வேட்டை தொடங்கியது. அங்கே பல கோடி ஆண்டு மழையும் ஆறும் பாறையைக் கரைத்து, இலேசான மணலைத் தள்ளி, கனமான தங்கத்தை மட்டும் ஓடைப் படுகைகளில் ஒதுக்கி வைத்திருந்தன. டன்களை அரைக்கும் வேலையை இயற்கையே முன்கூட்டிச் செய்து முடித்துவிட்டது எனலாம். 1869-இல் மோலியாகுல் என்னும் இடத்தில் மரவேருக்கு அருகே, நிலமட்டத்திற்குச் சில சென்டிமீட்டர் அடியில், 70 கிலோவுக்கு மேல் தங்கம் கொண்ட ‘வெல்கம் ஸ்டிரேஞ்சர்’ என்ற கட்டி அகப்பட்டது. அத்தகைய ஊரில் சட்டியும் மண்வெட்டியும் போதும், தனியொருவன் பணக்காரனாகலாம். கோலாரில் அது ஒருநாளும் இயலாது.

இந்த ஆஸ்திரேலியப் படத்தை நம் மலையில் வைத்துப் பார்த்து ஏமாந்தவர்களில் திரைப்படக்காரர்கள் முதல்வர்கள் அல்லர். லண்டன் நகரமே ஏமாந்திருக்கின்றது. விக்டோரியா அரசில் சுரங்கத்துறைச் செயலராயிருந்து, அந்நாட்டுத் தங்கவயல்களைப் பற்றி 1869-இல் பெரிய நூல் எழுதியவர் ராபர்ட் பிரஃப் ஸ்மித். அவரை 1879-இல் இந்திய அரசு வரவழைத்து வயநாட்டுப் பகுதியை ஆராயச் செய்தது. இன்றைய நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், தேவாலா ஆகியன அதில் அடங்கும். அறிக்கை நம்பிக்கை ஊட்டுவதாக இருந்தது. உடனே லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன; பல மில்லியன் பவுன் மூலதனம் அறிவிக்கப்பட்டது. காப்பித் தோட்டங்கள் தங்கச் சுரங்கம் என்று பெயர் மாற்றி விற்கப்பட்டன. எந்திரங்கள் மலையேறின. கல்லை அரைத்துப் பார்த்தபோது செலவுக்குக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் மடிந்து, இரும்பு துருப்பிடித்துக் காட்டில் கிடந்தது. தங்கம் இல்லாமற் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்தது, டன்னுக்கு இத்தனை கிராம் என்ற எண்தான் போதவில்லை. அந்தப் பழைய சுரங்க வாய்களுக்குள் தங்கம் தேடி நுழைந்து பிற்காலத்தில் உயிரிழந்தவர்களும் உண்டு. கைவிட்ட சுரங்கத்தில் காற்றோட்டம் இராது. கூரை எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. படம் பார்த்த உற்சாகத்தில் அங்கே கிளம்பும் இளைஞர்கள் இதை மறக்கலாகாது.

‘தங்கலான்’ இக்குற்றத்தைச் செய்தாலும் பல இடங்களில் நிமிர்ந்து நிற்கின்றது. வட ஆர்க்காட்டு வேப்பூரில் வரிக் கொடுமையால் நிலம் இழந்தவன் வெள்ளைக்காரனுடன் தங்கம் தேடிப் புறப்படுகிறான் என்னும் தொடக்கம் மிகச் சரி. கோலார்ச் சுரங்கங்களை நிரப்பியவர்கள் வட ஆர்க்காடு, சித்தூர், பழைய சேலம் மாவட்டம் ஆகிய வறண்ட பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடிகளிலிருந்து சென்றவர்களே. ஆற்று மணலை அலசும் காட்சியிலும் இயற்பியல் பிழையில்லை. ஒரு சிறு கணக்கு: காற்றில் தங்கம் குவார்ட்ஸைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு கனம். நீருக்குள் மிதப்பு விசை இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பங்கைக் கழித்துவிடுகிறது, 18.3-ஐ 1.65 ஆல் வகுத்தால் 11 மடங்கு. தண்ணீரில் அலசினால் தங்கம் ‘மேலும் கனமாகி’ விடுகின்றது. ஆர்க்கிமிடீஸைப் படியாமலே நம் முன்னோர் இதைக் கையால் அறிந்திருந்தனர். 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரனுக்குக் கோலார்த் தங்கத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள், மண்ணை அலசித் தங்கம் எடுத்துவந்த அவ்வூர் மக்களே.

படம் சொல்லும் இன்னொன்றையும் பாராட்டுவேன். வெள்ளைக்காரர் வருமுன்பே பழங்குடிகள் தோண்டியிருந்தார்கள் என்பது அதன் அடிநாதம். உண்மை அதுவே. கோலாரிலும் ஹட்டியிலும் ஆழமான பழங்குழிகள் இருந்தன. பாறையைத் தீயால் சுட்டு, நீரூற்றி, திடீர்ச் சுருக்கத்தால் வெடிக்கச் செய்து பெயர்த்தார்கள். நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பி, 1871-இல் கோலாருக்கு வந்து உரிமம் கேட்ட மைக்கேல் லவெல் வாரனின் குறிப்பை வைத்தே வந்தார். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியின் கேப்டன் பிளம்மர் மூட இருந்த சுரங்கத்தை மீட்டதும் பழங்குழிகளைப் பின்தொடர்ந்துதான். படம் இவற்றையெல்லாம் 1850-க்கு நகர்த்தியிருக்கிறது. கதாசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு. அதைப் பற்றி நான் சண்டையிட மாட்டேன். ஆனால் ஆரத்தி என்னும் மாயப் பெண் பொன்னைக் காவல் காக்கத் தொடங்கியதும் பழங்குடியின் தொழிலறிவு பின்வாங்கி மந்திரம் முன்னே வந்துவிடுகிறது. தீயிட்டுப் பாறை பிளந்தவனின் பெருமையை அவன் பேரனுக்குச் சொல்ல வந்த படம், பாதி வழியில் அவன் கையிலிருந்த அறிவைத் தெய்வத்திடம் ஒப்படைத்துவிட்டது.

‘கே.ஜி.எஃப்.’ படத்தைப் பற்றி இவ்வளவு பொறுமையாகப் பேச எனக்கு முடியவில்லை. அது கற்பனை என்று அவர்களே கூறிவிட்டனர். ஆயினும் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு, அவ்வூரின் சயனைடு மேட்டையே பின்னணியாக வைத்துப் படமெடுத்தவர்கள் அவ்வூருக்கு ஏதோ கடன்பட்டவர்கள். கதையில் 1951-இல் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது; பிறகு அடிமைகள் சம்மட்டியால் பாறையை உடைக்கிறார்கள்; ஒரு நாயகன் வந்து மீட்கும்வரை வாய் திறவாமல் இருக்கிறார்கள். உண்மையான 1951-இல் அச்சுரங்கங்கள் உலகின் மிக ஆழமானவற்றுள் சில. காற்றழுத்தத் துளைக்கருவிகள் இயங்கின. தொழிலாளர் வாய் திறவாமலும் இல்லை. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-லேயே அவர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கங்களை நிறுத்திக் காட்டியவர்கள்.

அதே 1951-இல் அங்கே இன்னொருவரும் இறங்கினார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து இளைஞர் பி.வி.ஸ்ரீகண்டன், ஹோமி பாபாவின் யோசனைப்படி, கருவிகளோடு கோலார்ச் சுரங்கத்தில் இறங்கி அண்டக்கதிர்களின் மியூவான்களை எண்ணத் தொடங்கினார். தரைமட்டத்தில் நம் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள பரப்பின் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் பாய்ந்து செல்கிறது. பாறைக்குள் இறங்க இறங்க இது குறையும். 1960-களின் தொடக்கத்தில் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒன்றுகூட வரவில்லை. தோல்வி என்று மூட்டை கட்டாமல், இவ்வளவு அமைதியான இடத்தில்தான் நியூட்ரினோவின் காலடி ஓசை கேட்கும் என்று முடிவு செய்தார்களே, அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கின்றது.

2,300 மீட்டர் ஆழத்தில், பக்கவாட்டிலிருந்து வரும் துகள்களைப் பிடிக்குமாறு கருவிகளை அமைத்தனர். நேர்மேலே பாறை இரண்டேகால் கிலோமீட்டர்தான்; ஆனால் சாய்வாகப் பார்த்தால் அது பல பத்துக் கிலோமீட்டர். வானத்து மியூவான் எதுவும் அதைத் துளைத்து வர இயலாது. ஆகவே பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது பாறையைச் சட்டை செய்யாத நியூட்ரினோ ஒன்று அருகிலே மோதிப் பிறந்ததாகவே இருக்க வேண்டும். எம்.ஜி.கே.மேனன், ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த மியாகே, இங்கிலாந்தின் டர்ஹாமைச் சேர்ந்த உல்ஃபென்டேல் முதலியோர் அடங்கிய குழு 1965 ஆகஸ்டில் அத்தகைய நிகழ்ச்சிகளை அறிவித்தது. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை மனிதன் கண்டது அப்போதுதான்; தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலிருந்து இன்னொரு குழுவின் அறிவிப்பும் அதே மாதத்தில் வந்தது. பிறகு 1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் இரும்பை அதே ஆழத்தில் அடுக்கினார்கள். இக்கருவிகளை இறக்கிய கூண்டுகளும் மின்சாரமும் காற்றோட்டமும் தங்கத்துக்காக ஏற்பட்டவை. இயக்கியவர்கள் அந்தத் தொழிலாளர்களே. நானும் பல ஆண்டுகளாகப் பீட்டாச் சிதைவு நடத்தும்போது நியூட்ரினோவை ஒரு வரியில் கூறிவிட்டு நகர்ந்திருக்கிறேன். ஜோலார்பேட்டை தாண்டி இரண்டு மணி நேரத்தில் அந்த இடம் இருக்கிறது என்று சொன்னதில்லை. படத்தைக் குறை கூறுமுன் இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆழத்தைப் பற்றி இரண்டு படங்களும் ஏமாற்றிவிட்டன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் போயிற்று. திருச்செங்கோட்டு ரிக் ஆயிரம் அடி போட்டுத் தண்ணீர் வராவிட்டால் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார். இது அதைப்போல் பத்து மடங்கு, அதுவும் ஆள் நின்று வேலை செய்யும் ஆழம். அடியில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. கோலார்ப் பாறை மிகப் பழையதாகையால் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் ஏறியது. உலகின் பிற பகுதிகளைப்போல் 25, 30 டிகிரி ஏறியிருந்தால் அங்கே மனிதன் போயிருக்கவே முடியாது. குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பலாமே எனில், கீழே இறங்கும் உலர்ந்த காற்று தன் எடையாலேயே அமுங்கிக் கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடாகிவிடும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதும் இதே விதிப்படிதான். மேலும் அந்த ஆழத்தில் பாறையின் மீது எண்ணூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம். ஓரிடத்தில் வெட்டியெடுத்தால் சுற்றியுள்ள பாறை வெடித்துச் சிதறும். பழைய சுரங்க அறிக்கைகள் இதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்கின்றன. மேலே ஊரில் நிலநடுக்கம்போல் உணரப்பட்டது. மாயப் பெண்ணும் வேண்டாம், அடியாட்களும் வேண்டாம். திரைக்கதை ஆசிரியருக்கு இதைவிடப் பயங்கரமான பகைவன் எங்கே கிடைப்பான்?

படங்களைப் பார்த்தபின் விடுமுறையில் ஒருநாள் போய் வந்தேன். சேலத்திலிருந்து பங்காருப்பேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப் பாதை இரயில். கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயர்களே நிலையங்களின் பெயர்கள். நிலையத்தில் காதில் விழுந்ததெல்லாம் தமிழ். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. எலும்புக்கூடாய் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், நம் சேலத்து வெள்ளைக்கல் மேடுகளை நினைவூட்டும் சாம்பல் நிற மண்மலைகள். கோடைக் காற்றில் அந்த மண் வீடுகளுக்குள் வருகிறது என்று ஒரு பெரியவர் கூறினார். அப்படிப்பட்ட 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கருநாடக அரசு 2024 ஜூனில் இசைவு தந்தது. அதில் மிஞ்சியிருப்பது டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் 1970 முதல் பழைய தங்கவயலைச் சாவரின் ஹில் என்ற பெயரில் அருங்காட்சியகமாக நடத்துகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் ஓடையில் மணலை அலசிப் பார்க்கிறார்கள். இங்கே நியூட்ரினோ கண்ட சுரங்கம் எது என்று வழியில் நாலு பேரைக் கேட்டேன். திரைப்படம் எடுத்த மேட்டைத்தான் கைகாட்டினார்கள்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அதைத் துளைக்கும்போதும் அரைக்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கிவிட்டால் வெளியே வராது. திசு தடித்து மூச்சு குறையும். சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய் நம் நாட்டில் மருத்துவ நூல்களில் இடம்பெற்றதே 1940-களில் கோலார்த் தொழிலாளரிடம் செய்த ஆய்வுகளால்தான். துளைக்கருவியின் வழியே நீரைச் செலுத்தித் தூசியை அடக்குவது இதற்குத் தடுப்பு. நம் ரிக் வண்டிகளில், நீர் ஊறும் ஆழம் வரும்வரை, காற்று தள்ளும் வெண்தூளின் நடுவே துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கேள்வி கேட்ட மாணவனுக்கு ஒரு கணக்கு கொடுத்திருந்தேன். ஆறரை அங்குல விட்டத்தில் ஆயிரம் அடி துளை போட்டால் எத்தனை டன் கல் வெளியே வரும்? கோலார்க் கல்லாக இருந்து டன்னுக்கு மூன்று கிராம் தங்கம் இருந்தால் எத்தனை பவுன்? அவன் வீட்டில் தந்தையோடு உட்கார்ந்து போட்டு வந்தான். பதினேழரை டன்; ஆறரைப் பவுன். விடை சரி. தந்தை என்ன சொன்னார் என்று கேட்டேன். முதல்நாள்தான் தொலைக்காட்சியில் படம் பார்த்திருந்தாராம். “ஆறரைப் பவுனு கெடக்கட்டும் கண்ணு. அந்தப் படத்துல இத்தனை பேரு கல்லு ஒடைக்கறாங்களே, ஒருத்தனுக்காவது இருமல் வந்துச்சா?” என்றாராம்.